கடலை வறுக்கும் சட்டியே போதும்!

அமெரிக்காவில் "பை" என்று ஒரு பலகாரம் உண்டு. இது கையில் தூக்கும் பை அல்ல, தின்னும் பை!

மாவைக் கிண்ணம்போல் தட்டுவார்கள். உள்ளே இனிப்புப் பூரணமும் கொட்டைப் பருப்பும் நிரப்பி, ஓவனில் சுடுவார்கள். அங்கே பீகன் என்ற கொட்டையைப் போடுகிறார்கள். நாம் வேர்க்கடலையோ முந்திரியோ போடலாம்.

"பருப்பை முன்னதாக வறுக்க வேண்டுமா? பைதான் ஓவனில் வேகிறதே!" என்று கேட்கலாம்.

வேகும், ஆனால் வறுபடாது. பூரணத்தில் ஈரம் இருக்கிறது. ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பருப்பு சிவந்து மணக்க, அதைவிட அதிகச் சூடு வேண்டும்.

மணலின் ரகசியம்

ஓவனிலேயே வறுக்கலாம். ஆனால் அது மூடிய பெட்டி. கருகிய வாசனை வந்த பிறகுதான் விஷயம் தெரியும்!

தெருவில் கடலை வறுப்பவரைப் பாருங்கள். இரும்புச் சட்டியில் மணலைச் சுட வைக்கிறார். கடலையைக் கொட்டிக் கிளறுகிறார். வெறும் சட்டியில், அடியில் படும் பக்கம் கருகும். மறுபக்கம் பச்சையாக நிற்கும். மணலிலோ எல்லாப் பக்கமும் ஒரே சூடு!

வீட்டில் மணலுக்குப் பதில் கல் உப்புப் போடுங்கள். உப்பு வெடிப்பது நின்றதும் பருப்பைப் போட்டு, சிறு தீயில் கிளறுங்கள். எண்ணெய் வேண்டாம். லேசாகச் சிவந்ததும் சலித்து எடுத்துத் தட்டில் பரப்புங்கள். இறக்கிய பிறகும் உள்சூட்டில் பருப்பு இன்னும் சிவக்கும். அந்த உப்பை மறுபடியும் வறுக்க வைத்துக்கொள்ளலாம்.

சட்டியால் முடியாதது

உப்புச் சட்டியால் ஒன்று மட்டும் முடியாது. பூஞ்சணம் பிடித்த கடலையை அது நல்ல கடலையாக்காது.

1960-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்றதே காரணம். அதில் இருந்த விஷத்துக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். அது மனிதரின் ஈரலையும் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். வறுத்தால் கொஞ்சம் குறையுமே தவிர, முழுவதும் போகாது.

எனவே, அடுப்பு மூட்டும் முன் கடலையை முறத்தில் கொட்டிப் பாருங்கள். பூஞ்சணம் பிடித்தது, நிறம் மாறியது, சுருங்கியது எல்லாவற்றையும் எறிந்து விடுங்கள்.

சிக்கனம் நல்லதுதான். ஆனால் ஒரு பிடிக் கடலையை மிச்சம் பிடிக்க, பிள்ளைகளின் உடம்பைப் பணயம் வைக்கலாமா?