நெய்வேலி பெல்ட்: அந்த ஒட்டுக்கு நேரம் கொடுங்கள்

நெய்வேலி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, சுரங்கத்தில் மண்ணை வாரி எடுக்கும் ராட்சதச் சக்கர இயந்திரம்தான். ஆனால் அது வெட்டிப் போடுவதைச் சுமந்துகொண்டு ஓடுவது கன்வேயர் பெல்ட். இங்கே 1 டன் பழுப்பு நிலக்கரி எடுக்க 5 கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். பெல்ட் நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

பெல்ட்டுக்குள் என்ன இருக்கு?

வெளியே பார்த்தால் வெறும் ரப்பர். உள்ளே நீளவாக்கில் வரிசையாக எஃகு வடங்கள். இழுவையை எஃகு தாங்கும். அடியையும் தேய்மானத்தையும் ரப்பர் தாங்கும். சிக்கல் என்னன்னா, இந்த ரெண்டும் தானாக ஒட்டாது.

அதனால் வடத்துக்குத் துத்தநாகம் பூசுகிறார்கள். லாரி டயருக்குள் இருக்கும் கம்பிக்குப் பித்தளை. ரப்பரைச் சூடாக்கி அழுத்தும்போது அதிலுள்ள கந்தகம் இந்தப் பூச்சோடு வினைபுரிந்து, மிக மெல்லிய சல்பைடு படலம் உருவாகிறது. ரப்பர் பிடித்துக்கொள்வது அதைத்தான். டயர் கம்பியில் இந்தப் படலம் போதாவிட்டால் பிடிப்பு வராது, தடித்துப்போனால் நொறுங்கிவிடும். பிடிப்பைக் கூட்டத்தான் ரப்பரில் கோபால்ட் உப்புகளையும் சேர்க்கிறார்கள்.

ஜாயின்ட்தான் சோதனை

இரண்டு பெல்ட்களை இணைக்கும்போது முனைகளில் ரப்பரை உரித்து, வடங்களை விரல் கோப்பது போலப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, இடையில் வேகாத ரப்பரை வைத்து, சுமார் 145 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். இந்தப் பக்கத்து வடமும் அந்தப் பக்கத்து வடமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. மொத்த இழுவையும் ரப்பர் ஒட்டு வழியாகத்தான் கடக்கிறது.

அந்த ஒட்டைக் கெடுக்கக் கொஞ்சம் எண்ணெய், தூசி, கை வியர்வை போதும். கடலூர் மாவட்டத்தின் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரமும் சும்மா விடாது. மூடி முடித்த பிறகு நல்ல ஜாயின்ட்டும் மோசமான ஜாயின்ட்டும் பார்வைக்கு ஒன்றுதான்.

‘சீக்கிரம் முடிங்க’ என்ற அவசரம் புரிகிறது. பெல்ட் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். ஆனால் சுமையோடு மேடேறும்போது ஜாயின்ட் பிரிந்தால், டன் கணக்கில் எடையுள்ள பெல்ட் சரிந்து பின்னோக்கிப் பாயும். பக்கத்தில் ஆள் இருந்தால்?

என்ன செய்யலாம்?

வடம் ரப்பரை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று இழுத்துப் பார்க்க ஐஎஸ்ஓ 7623 என்ற சோதனை முறை உண்டு. புதிதாக இருக்கும்போதும், சூட்டில் வைத்த பிறகும் சோதிக்கச் சொல்கிறது அது. தொழிற்சாலையோடு இது நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு ஜாயின்ட் போடும்போதும் அதே ரப்பர், அதே வடத்தில் சின்ன மாதிரி ஒன்றை வேகவைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். யார் போட்டது, எந்த ரப்பர், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் பதிவாக வேண்டும்.

பெல்ட் கொண்டுபோய்க் கொட்டும் நிலக்கரியில்தான் அனல்மின் நிலைய பாய்லர் எரிகிறது. அந்த பாய்லர் குழாயில் தகுதிச் சான்று இல்லாத வெல்டர் கைவைக்க முடியாது. பெல்ட்டில் ஜாயின்ட் போடுபவருக்கும் அதே பயிற்சி, அதே சான்று, அதே மரியாதை வேண்டும். கூடவே, ‘இன்னும் வேகல, பெல்ட்டை ஓட்டாதீங்க’ என்று சொல்லும் அதிகாரமும்.