ரெண்டு டீம் போதும்

நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் சுவர்களில் ஒட்டியிருக்கும் போஸ்டர்களைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. "நேஷனல் லெவல் சிம்போசியம்"னு கொட்டை எழுத்தில் இருக்கும். சிலதில் "இன்டர்நேஷனல்"னே இருக்கும். உள்ளே போனா வந்திருப்பது பக்கத்தில் இருக்கும் மூணு காலேஜ். அடுத்த வருஷமும் நடக்குமான்னு கேட்டா, "நடத்தின சீனியர்ஸ் பாஸ் அவுட் ஆயிட்டாங்க"ன்னு பதில் வரும்.

இன்னொரு பக்கம், யாராவது உண்மையாவே புதுசா ஒரு போட்டி ஆரம்பிச்சு, அதுக்கு ரெண்டே டீம் பேர் கொடுத்தா, "ரெண்டு டீமுக்கு எதுக்குடா டோர்னமென்ட்?"னு கேட்டு அன்னைக்கே கேன்சல் பண்ணிடுவோம்.

இந்த ரெண்டு பழக்கமும் தப்புன்னு சொல்ல என்கிட்ட ஒரு உதாரணம் இருக்கு. கர்லிங் உலக சாம்பியன்ஷிப்.

கர்லிங் தெரியாதவங்களுக்கு: ஐஸ் மேல விளையாடுற ஆட்டம். டீமுக்கு 4 பேர். கிட்டத்தட்ட 20 கிலோ எடையுள்ள கிரானைட் கல்லை ஒருத்தர் வழுக்கி விடுவார். எதிர்ப்பக்கம் வரைஞ்சிருக்கும் வட்டத்தின் நடுவுக்கு யார் கல் நெருக்கமா நிக்குதோ அவங்களுக்குப் பாயிண்ட். கல் போகும்போதே ரெண்டு பேர் முன்னாடி ஓடி பிரஷ்ஷால் ஐஸைத் தேய்ப்பாங்க. தேய்க்கிற சூட்டில் உராய்வு குறையும், கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும். பார்க்க வீடு கூட்டுற மாதிரி இருக்கும், சிரிப்பு வரும். ஆனா கேரம்போர்டும் கோலியும் விளையாடினவங்களுக்கு அதில் இருக்கும் கணக்கு அஞ்சு நிமிஷத்தில் புரிஞ்சிடும்.

1959-இல் ஸ்காட்லாந்து விஸ்கி சங்கம் ஸ்பான்சர் பண்ண, "ஸ்காட்ச் கப்"னு ஒரு போட்டி ஆரம்பிச்சது. கலந்துக்கிட்டது எத்தனை நாடு தெரியுமா? ரெண்டு. கனடாவும் ஸ்காட்லாந்தும். அஞ்சு ஆட்டம் நடந்தது, அஞ்சிலும் கனடா ஜெயிச்சது. ஜெயிச்ச டீமும் பெரிய அகாடமியில் உருவான டீம் இல்லை. சஸ்காச்சுவான் மாகாணத்தைச் சேர்ந்த எர்னி ரிச்சர்ட்சன், அவர் தம்பி, கூட ரெண்டு கசின்ஸ். குடும்ப டீம்!

நம்ம காலேஜா இருந்தா 5-0 ஸ்கோரைப் பார்த்ததும் மூட்டை கட்டியிருப்போம். அவங்க அடுத்த வருஷமும் நடத்தினாங்க. 1961-இல் அமெரிக்கா சேர்ந்தது. அப்புறம் ஸ்வீடன், நார்வே, சுவிட்சர்லாந்து. முதல் ஆறு வருஷமும் கோப்பை கனடாவுக்குத்தான் போச்சு. 1965-இல்தான் அமெரிக்காவின் பட் சோமர்வில் டீம் அந்தத் தொடரை உடைச்சது. ரெண்டு வருஷம் கழிச்சு, தொடங்கி வச்ச ஸ்காட்லாந்து முதல் தடவையா ஜெயிச்சது. அதாவது, தன் வீட்டு விசேஷத்தில் கை நனைக்க அவங்க எட்டு வருஷம் காத்திருந்தாங்க.

1968-இல் ஸ்பான்சர் மாறினார். கப்போட பேரும் "ஏர் கனடா சில்வர் புரூம்"னு மாறிச்சு. போட்டி நிக்கலை. எனக்குப் பிடிச்ச விஷயம், அவங்க பேரை வச்ச வரிசை. ரெண்டு நாடு ஆடினப்போ அதுக்குப் பேர் வெறும் ஒரு கப். பல நாடுகள் வந்த அப்புறம்தான் "உலக" என்ற பட்டம் ஒட்டிக்கிச்சு. நம்ம போஸ்டர்ல இது அப்படியே தலைகீழ்.

நாடுகள் கூடக் கூட ஆட்டமும் சூடு பிடிச்சது. 1972 ஃபைனல் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டன்கிர்ஷனில் நடந்தது. கனடாவின் கடைசிக் கல் நின்னதும், ஜெயிச்சிட்டோம்னு நினைச்சு அமெரிக்க கேப்டன் பாப் லபாண்ட் துள்ளிக் குதிச்சார். வழுக்கி விழுந்ததில் அவர் கால் பட்டு அந்தக் கல் நகர்ந்திடுச்சு. இனி அளக்க வழியில்லை. கல் கனடாவுக்கே சேர்ந்தது, ஸ்கோர் சமமாச்சு, எக்ஸ்ட்ரா ரவுண்டில் கப் கனடாவுக்குப் போச்சு. அதுக்கப்புறம் 1980 வரைக்கும் கனடாவால் ஜெயிக்கவே முடியலை. ரசிகர்கள் இதை "லபாண்ட் சாபம்"னு சொல்வாங்க. சாபம்னு நான் நம்பலை. அந்த ஏழு வருஷத்தில் ஜெயிச்சது ஸ்வீடன், அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, நார்வே. ஒரு காலத்தில் வெறும் கையோட வந்து தோத்துட்டுப் போன நாடுகள் வருஷா வருஷம் ஆடி ஆடிக் கத்துக்கிட்டாங்க. அவ்வளவுதான்.

எல்லாமே சரியா பண்ணாங்கன்னு சொல்ல மாட்டேன். பெண்களுக்கான உலக சாம்பியன்ஷிப் 1979-இல்தான் வந்தது. ஆண்களுக்கு ஆரம்பிச்சு 20 வருஷம் கழிச்சு! அந்தத் தாமதத்துக்கு எந்தச் சாக்கும் எடுபடாது. ஆனா கதவு திறந்ததும் என்ன நடந்தது பாருங்க. 2009-இல் தென் கொரியாவில் நடந்த பெண்கள் ஃபைனலில், ஒலிம்பிக் சாம்பியனான ஸ்வீடன் டீமை வாங் பிங்யூவின் சீன டீம் தோற்கடிச்சது. ஆசியாவுக்கு அதுதான் முதல் உலகப் பட்டம். அந்த டீமோட கோச் டான் ரஃபேல், கனடாக்காரர். பலமான நாட்டு ஆள் போய், நாளைக்குத் தன் நாட்டையே தோற்கடிக்கக்கூடிய டீமுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கார்.

"ஒரு நாட்டுக்கு இருக்கிற காசும் ஸ்பான்சரும் காலேஜ் கிளப்புக்கு ஏது?"னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா 1959-இல் தேவைப்பட்டது ரெண்டு டீம், ஒரு கப், அடுத்த வருஷமும் நடத்துவோம்ங்கிற பிடிவாதம். இதில் நமக்கு இல்லாதது மூணாவது மட்டும்தான்.

அதனால ஃபைனல் இயர் மக்களே, போறதுக்கு முன்னாடி ஒரு வேலை. நீங்க நடத்தின போட்டியோட ரூல்ஸ், ஸ்கோர் ஷீட், கிரவுண்டுக்கு யாரிடம் பர்மிஷன் கேட்கணும், எவ்வளவு செலவாச்சு, எல்லாத்தையும் எழுதி செகண்ட் இயர் பசங்க கையில் கொடுங்க. அடுத்த வருஷத் தேதியையும் இப்பவே குறிச்சிடுங்க. ஜூனியர்ஸ், ரெண்டு டீம்தான் வந்தாலும் நடத்துங்க. போஸ்டரில் "நேஷனல்" போடுறதை, வேற மாநிலத்து டீம் ஒண்ணு வந்து உங்களைத் தோற்கடிச்ச அப்புறம் பார்த்துக்கலாம்.