"பால் பத்தலை" என்று சொல்வதற்கு முன்

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள், பழப் பையோடு ஒரு வாக்கியத்தையும் தவறாமல் கொண்டுவருகிறார்கள். சாயங்காலம் குழந்தை வீறிட்டு அழும். உடனே, "பால் பத்தலை போலிருக்கே!" என்பார்கள். போன வாரம் என் பேத்தியைப் பார்க்க வந்தவர்களில் நான்கு பேர் இதைச் சொன்னார்கள். குழந்தைக்கு இருபது நாள்தான் ஆகிறது. மகள் முகம் வாடிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. காரணம் இருக்கிறது. 1984-ல் இதே வாக்கியத்தை நம்பிக் கடைக்கு ஓடியவன் நான். மூத்தவன் பிறந்து மூன்றாவது வாரம். டப்பா பாலைக் கரைத்துக் கொடுத்தோம். குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினான். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவன் தூங்கிய நேரமெல்லாம் மார்பில் சப்பவில்லை. சப்பச் சப்பத்தான் பால் ஊறும் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் பால் வற்றிவிட்டது. "எனக்குப் பால் இல்லை" என்று என் மனைவி கடைசிவரை தன்னையே குறை சொல்லிக்கொண்டாள். குறை அவளிடம் இல்லை.

அழுகையை வைத்துப் பாலை அளக்கக் கூடாது. தறிச் சத்தத்தைக் கேட்டு எத்தனை முழம் நெய்திருக்கிறது என்று சொல்ல முடியுமா? பச்சைக் குழந்தையின் அழுகை பிறந்த ஆறாவது வாரம்வரை கூடிக்கொண்டே போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். சாயங்காலத்தில் அடிக்கடி பால் கேட்பதும் இயல்பு. அளவுகோல் வேறு: முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு துணியாவது நனைகிறதா, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பியதா என்று பாருங்கள். காய்ச்சல், சோர்வு, பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது இருந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். டாக்டர் பார்த்து டப்பா பால் தேவை என்றால் கொடுங்கள். அதில் எந்தத் தாய்க்கும் வெட்கமில்லை. வந்துபோகிறவர் சொன்னார் என்று கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வைப்பதும் வேண்டாம். ஒரு வயதுவரை தேன் ஆபத்து.

பால் பவுடர் விளம்பரத்தையும், தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992-ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. டப்பாவில் குழந்தைப் படம்கூடப் போடக் கூடாது. கம்பெனியின் வாயைச் சட்டம் கட்டிவிட்டது. நம் வாயை யார் கட்டுவது? காசு வாங்காமல் அந்த விளம்பரத்தை நாமே செய்துகொண்டிருக்கிறோம்!

பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில் இருக்கிற பெண்ணுக்கு 26 வாரம்வரை சம்பளத்தோடு விடுப்பு. வீட்டுத் தறியில் தார் சுற்றும் பெண்ணுக்கு அது இல்லை. நெசவு நின்றால் கூலியும் நிற்கும். அவளுக்கு வேண்டியது சூடான சோறு, இரண்டு மணி நேரத் தூக்கம், குழந்தையை வாங்கிக்கொள்ள இன்னொரு தோள்.

நான் ரிட்டையர் ஆனவன், தோள் சும்மாதான் இருக்கிறது. பால் குடித்து முடித்ததும் பேத்தியை வாங்கித் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டு கூடத்தில் நடக்கிறேன். சில நாள் பத்து நிமிஷத்தில் அடங்குவாள், சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். மறுபடி பாலுக்குத் தேடினால் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

அடுத்த முறை பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், "பால் பத்துதா?" என்று கேட்காதீர்கள். "நீ சாப்பிட்டியாம்மா? குழந்தையை என்கிட்ட கொடு" என்று சொல்லுங்கள்.