பெருமைப் பேச்சும் பேர்ப் பதிவேடும்

தமிழர் பழமையைப் பற்றி நம்மவர் பேசாத மேடை இந்நாட்டில் இல்லை. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேற் படை செலுத்திய வரலாறு செராஸிலும் முழங்குகின்றது, கிள்ளானிலும் முழங்குகின்றது, பிரிக்பீல்ட்ஸ் மண்டபங்களிலோ கேட்கவே வேண்டுவதில்லை. கேட்போர் கைதட்டுகின்றனர். அவருள் ஒருவரை அழைத்து, "ஐயா, தங்கள் பாட்டனார் எந்த ஆண்டில், எந்தக் கங்காணியின் கீழ், எந்தத் தோட்டத்திற்கு வந்தார்?" என்று வினவினால் விழிக்கின்றார். ஆயிரம் ஆண்டுக்கு அப்பாலுள்ள மன்னனை அறிந்தவர், நூறாண்டுக்கு இப்பாலுள்ள பாட்டனை அறியார். இதைப் பெருமையென்பதா, மறதியென்பதா?

பெரிய அரசுகளை மறவாமல் வைத்திருப்பவர் கல்வெட்டுக்காரர். சிறிய கூட்டங்களை மறவாமல் வைத்திருப்பவர் கணக்கெழுதும் சிற்றாட்களே. இதற்குச் சான்று நம் அருகிலேயே உளது. 1512-ஆம் ஆண்டில் மலாக்காவுக்கு வந்த தோமே பீரெஸ் என்னும் போர்த்துக்கீசியர் மருந்து வணிகத் தொழிலினர். அங்கே அவர் பார்த்த உத்தியோகம் பண்டகசாலையில் எழுத்தரும் கணக்கருமான உத்தியோகம். இக்காலத்துச் சொல்லாற் கூறின், அவரும் ஒரு கிராணி. அக்கிராணி 1515-க்குள் எழுதி முடித்த 'சூமா ஓரியெந்தால்' என்னும் நூலிலேதான், அன்று மலாக்காவில் வாணிபஞ் செய்த 'கெலின்' எனப்பட்ட நம் கீழைக்கரை வணிகரின் செய்திகள் பதிவாகியுள்ளன. அந்நூலின் கையெழுத்துப் பிரதி பாரிஸ் நகரத்து நூலகமொன்றிற் கிடந்து, 1937-இல் அர்மாந்தோ கொர்தெசாவோ என்னும் அறிஞர் கண்ணிற் பட்டு, 1944-இல் அச்சேறிற்று. நானூறு ஆண்டு உறங்கியும் அக்காகிதம் அழியவில்லை; ஆதலால் அந்த மனிதரும் அழியவில்லை.

அவ்வணிகரின் வழிவந்தோரே இன்றைய மலாக்காச் செட்டிகள். 1511-இல் போர்த்துக்கீசியர் நகரைப் பிடித்தபோது, நினா சட்டு என்பாரை இந்நாட்டாரல்லாத இந்துக்களுக்குத் தலைவராக்கினர். 1514-இல் அப்பதவியைப் பறித்தனர். மானமிழந்து வாழேன் என்று அவர் தீப்புகுந்தார். 1613-இல் எரேதியா எழுதிய மலாக்கா வருணனையில் 'கம்போங் செலிங்' என்னும் குடியிருப்பு காணப்படுகின்றது. பின்னர் வந்த டச்சுக்காரர் நிலம் வழங்க, 1781-இல் தெய்வநாயகம் செட்டி என்பார் முயற்சியால் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது. இன்று அம்மக்கள் காஜா பெராங்கில் வாழ்கின்றனர். அவர் பேசுவது மலாய். உடுப்பது பாஜுவும் சாரோங்கும். ஆயினும் போகி நாளில் முன்னோர்க்குப் படையலிடுகின்றனர், பொங்கல் வைக்கின்றனர், பிள்ளை, நாயக்கர், படையாட்சி என்னும் பட்டங்களைப் பெயரோடு கொண்டுள்ளனர்.

இவரைக் கண்டு நம்மவருட் சிலர் நகைக்கின்றனர். "தமிழ் பேசத் தெரியாதவன் என்ன தமிழன்?" என்கின்றனர். வேறு சிலர், "மலாய்ப் பெண்ணையும் சாவகப் பெண்ணையும் மணந்து கலந்துபோன கூட்டம்" என்று மூக்கைச் சுளிக்கின்றனர். நகைக்கும் நண்பர்களுக்கு நாம் சொல்வது இது: ஐந்நூறு ஆண்டு, மூன்று அந்நிய ஆட்சி, மொழி மாற்றம் ஆகிய எல்லாவற்றையும் கடந்து தம்மை இன்னாரென்று அறிந்து நிற்கும் ஒரு சிறு கூட்டத்தின் முன், நூறாண்டுக்குள் முகவரியை இழந்த நாம் நகைக்க உரிமையுடையோமல்லோம். கலப்பினால் ஒரு கூட்டம் அழிந்ததில்லை. கலப்புக்கு அஞ்சிக் கதவடைத்த சாதிகள்தாம் ஒன்றையொன்று அழித்தன.

நிற்க. தோட்டத்துக்கு வருவோம். காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர் 1895-இல் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நட்டது முதல், உலு லங்காட்டிலிருந்து செராஸ் வழியாகக் கோலாலம்பூர் எல்லைவரை பால்மரக் காடுகள் எழுந்தன. ஒவ்வொரு தோட்டமும் ஒரு தனி ஊராயிற்று. லயம், பெரட்டுக் களம், மாரியம்மன் கோயில், தமிழ்ப் பள்ளி, சுடுகாடு இவ்வளவுமே அதன் எல்லை. எல்லைக்குள்ளே ஒரு சொல்வழக்கு, ஒரு திருவிழா, ஒரு பகை, ஒரு சம்பந்தம். 1950-களிலே தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன; பிறகு நகரம் வளர்ந்து எஞ்சியவற்றையும் விழுங்கிற்று. இன்று செராஸில் அடுக்குமாடி நிற்கும் இடத்திற் பல, நேற்றுப் பால் வெட்டிய இடம். அங்கிருந்த சிறு சமூகங்கள் எங்கே? மலாக்காச் செட்டிகளை மறந்தோமென்று வருந்துவோர், நம் கண்ணெதிரே மறைந்த இந்த நூற்றுக்கணக்கான சிற்றூர்களை எண்ணிப் பார்க்கின்றனரா?

அவை அழியாதிருப்பதற்கு வழி உண்டு. அது ஏட்டிலே உண்டு. 1907-இல் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டபின், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினவர்க்குக் கணக்கு இருந்தது. 1938-இல் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தை நிறுத்தும்வரை ஆள் வந்த வரவு எழுதப்பட்டது. வந்தவனைத் தோட்டத்துச் செக்ரோல் நாள்தோறும் குறித்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்தவேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் விதித்தமையால், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் எழுந்தன. அரசாங்கக் கடிதங்களுள் ஒரு பகுதி, சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகளாகத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இன்றும் இருக்கின்றது. மற்றொரு முனை சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றது. பெயர், தகப்பன் பெயர், கிராமம், தாலுக்கா, கங்காணி ஆகிய ஐந்தும் கிடைத்தால் ஒரு குடும்பத்தின் வழி துலங்கும். ஐந்து குடும்பத்தின் வழி துலங்கினால் ஒரு தோட்டத்தின் கதை துலங்கும்.

இதற்குச் சிலர் தடை கூறுவர். "துரை கூலி கணக்கிட எழுதிய ஏடு நம் வரலாறாகுமா?" என்பர். ஆகாது, நாமும் அறிவோம். ஆங்கிலப் பள்ளியிற் படித்த கிராணி தன் காதிற்பட்டபடி எழுதியதால், ஒரே முனியாண்டி மூன்று தோட்டங்களில் மூன்று எழுத்துக்கூட்டலோடு நிற்கின்றான். செக்ரோல் ஒருவன் வேலைக்கு வாராத நாளைக் காட்டும். அன்று அவன் பிள்ளையைப் புதைத்தான் என்பதைக் காட்டாது. அதனாலேயே ஏட்டை எறிந்துவிடலாமா? நினா சட்டுவின் பெயரும் அந்நியர் செவி கேட்டவாறே எழுதப்பட்டது. பிழைபட்ட பெயரைக் கிழவியின் வாய்ச்சொல்லோடும் கோயிற் கணக்கோடும் ஒப்பிட்டுத் திருத்தலாம். எழுதப்படாத பெயரை எவராலும் திருத்த முடியாது.

வேறொரு கூட்டத்தார் பழைய ஏட்டை மிக விரும்பித் தேடுகின்றனர். அவர் தேடுவது தம் சாதிப் பட்டம். 1909-இல் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதிக் களஞ்சியத்தையும் 1931-ஆம் ஆண்டு இந்தியக் குடிக்கணக்கையும் புரட்டி, "நாம் ஆண்ட பரம்பரை" என்று ஒரு வரி கண்டவுடன் சங்கம் வைக்கின்றனர். ஒரே லயத்தில், ஒரே குழாயடியில், ஒரே பெரட்டில் நின்ற மக்களைப் பிரிப்பதற்கா ஏடு? எவன் எவனோடு கலந்து உழைத்தான், எவள் எவருக்குப் பிள்ளைப்பேறு பார்த்தாள் என்பதன்றோ நமக்கு வேண்டிய வரலாறு!

"இவையெல்லாம் ஓய்ந்தவர் வேலை" என்பார்க்கு ஒன்று கூறுவோம். 31-8-1957 முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை இந்நாட்டிற் பிறந்தோர், பொதுவாகப் பிறப்பினாலேயே குடியுரிமை உடையவர். ஆயினும் பிறந்தேன் என்று சொன்னாற் போதாது, காகிதம் காட்டவேண்டும். இம்மண்ணிற் பிறந்தும் பிறப்புச் சான்றின்றிச் சிவப்பு அடையாள அட்டையோடு நரைத்தோர் நம்மிடையே உண்டு. பள்ளிப் பதிவேட்டின் ஒரு வரி, அத்தகையோர்க்குத் துணைச் சான்றாகலாம். அந்த வரி கரையானுக்கு இரையானால், ஒரு மனிதனின் நாடே இரையாகின்றது. தோட்டம் கைமாறும் நாளில், அலுவலகத்து ஏடுகள் எண்ணெய்ப் பீப்பாயில் எரிக்கப்படுவதைத் தொழிலாளர் பார்த்துக்கொண்டு நிற்பதும், பார்த்தவர் ஒருவரும் "ஏன்?" என்று கேளாமையும் நாம் அறிந்தவையே.

கேளாமையின் பயனை மற்றோரிடத்திற் காண்க. 1942-43-இல் ஜப்பானியர் சயாம்-பர்மா இடையே அமைத்த 415 கிலோமீட்டர் மரண இரயில் பாதையில், மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். காஞ்சனபுரியில் நேசநாட்டுக் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. மிகப்பலவற்றில் பெயருண்டு, படைப்பிரிவுண்டு, நாளுண்டு. நம்மவர்க்கு ஏன் இல்லை? படைக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. பிடித்துக்கொண்டுபோன கூலிக்கு இல்லை. பதிவில்லாதவன் இருமுறை சாகின்றான்.

ஆதலால் தோழர்களே, செய்யவேண்டுவது பெரிதன்று. தோட்டக் கிராணிகள், நிலம் விற்குமுன் பழைய ஏடுகளை ஆவணக்காப்பகத்திற்கு ஒப்படைக்குமாறு நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்கவேண்டும். பள்ளி வாரியங்கள் சேர்க்கைப் பதிவேடுகளைப் படமெடுத்து இரண்டிடத்தில் வைக்கவேண்டும். கோயிற் குழுவினர் கோபுரத்துக்கு வண்ணம் பூசுமுன் நன்கொடைப் பழங்கணக்கைப் பெட்டியிலிட்டுப் பூட்டவேண்டும். நகரத்து இளைஞர் ஞாயிறு ஒன்றைக் கொடுத்துத் தம் வீட்டு முதியோரிடம் மேற்சொன்ன ஐந்தையும் கேட்டு எழுதவேண்டும். உயிரோடிருப்பவரின் அந்தரங்கத்தை அம்பலத்தில் வைக்கலாகாது. சாதிப் பெயரை விளம்பரமாக்கலாகாது.

கடாரம் வென்றவனைப் பற்றி இன்னும் ஆயிரம் மேடை பேசட்டும், நாம் தடுக்கவில்லை. அம்மேடையின் செலவில் பத்தில் ஒரு பங்கையாவது, காடு வென்றவரின் பேர்ப் பதிவேட்டைக் காப்பதற்குக் கொடுங்கள் என்கின்றோம். மன்னன் பெயர் கல்லில் இருக்கின்றது. அதற்கு நம் உதவி வேண்டாம். முனியாண்டியின் பெயர் காகிதத்தில் இருக்கின்றது, காகிதமோ நனைகின்றது.