கடைவீதியும் வண்டித் தரிப்பும்

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியா தன் இயல்பான அமைதியை இழந்துவிடுகிறது. குதிரைப் பந்தயமும் மலர்க் காட்சியும் மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் போட்டியும் காண்பதற்கும், கிரெகரி வாவியின் குளிர்காற்றை நுகர்வதற்கும் நாட்டின் நாற்றிசையிலிருந்தும் மக்கள் மலையேறி வருகின்றனர். பொலிசார் ஒருவழிப் பாதை முறையை ஏற்படுத்துவதும், பத்திரிகைகள் நெரிசலைப் படம்பிடித்து வெளியிடுவதும் ஆண்டுதோறும் நடப்பவை. சித்திரை கழிந்ததும் அந்தப் பேச்சும் கழிந்துவிடும். எஞ்சிய பதினொரு மாதங்களில் கடைவீதியின் ஓரத்தில் நடப்பதை யாரும் எழுதுவதில்லை. அதனையே ஈண்டு எழுத விழைகின்றேன்.

சில காலத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை நியூ பஸார் வீதியில் ஒரு மருந்துக்கடை வாயிலில் நின்றுகொண்டிருந்தேன். கம்பளியாற் போர்த்த மூதாட்டி ஒருவரை ஏற்றிக்கொண்டு தோட்டத்து முச்சக்கர வண்டி ஒன்று வந்தது. இறங்க இடமில்லை. ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் வந்தது, அப்போதும் இல்லை. மூன்றாம் முறை சாரதி நடுத்தெருவிலேயே வண்டியை நிறுத்தி, “மெதுவா எறங்குங்க அம்மாயி, நான் மார்க்கெட்டுப் பக்கம் நிக்கிறேன்” என்றான். பின்னால் வந்த பஸ் ஊதிய ஊதலில் அம்மூதாட்டி நடுங்கிப்போனார். மருந்துக்கடை வாயிலை அடைத்து நின்ற கார், இரண்டு கடை தள்ளி வாணிகம் செய்யும் முதலாளி ஒருவருடையது. காலை எட்டரைக்கு வந்து நின்றது, நான் நண்பகலில் வீடு திரும்பும்போதும் அசையவில்லை. அதே முதலாளி அன்று என்னிடம் கூறியது இது: “யாவாரமே இல்ல சேர். வண்டி நிப்பாட்ட எடமில்லாம ஆக்கள் வேற பக்கம் போயிர்றாங்க.”

தமிழகத்தார் ‘நிறுத்துமிடம்’ என்பதை நாம் ‘தரிப்பிடம்’ என்கின்றோம். தரித்தல் என்பது தங்குதல், அணிதலுமாம். நம் முதலாளிமாரிற் சிலர் பின்னைய பொருளையே கொண்டனர் போலும். காலையில் அணிந்த அணியைக் கடை பூட்டும்வரை கழற்றுவதில்லை.

கணக்கு எளியது. ஒரு கடை நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் திறந்திருக்குமாயின், அதன் வாயிலிலுள்ள ஒரு வண்டி இடத்தில் அரைமணிக்கொருவராக இருபது பேர் வந்து போகலாம். ஒருவரே நின்றுவிட்டாற் பத்தொன்பது பேர் சுற்றித் திரிவர். அச்சுற்றலையே நாம் நெரிசல் என்கின்றோம்.

இந்நகரின் தெருக்கள் மோட்டார் வண்டிக்கென அகழப்பட்டவையல்ல. கீழே கடை, மேலே குடியிருப்பு, பக்கத்தில் விடுதி, எதிரே வங்கி என்று எல்லாம் ஒரே வரிசையில் நெருங்கி நிற்கின்றன. மேல்மாடியில் வாழ்வோருக்கு முற்றமில்லை. அவர்களுக்கும் தெருவோரமே முற்றம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஓடிய சிறு புகைவண்டி 1940களில் மறைந்தபின், வருவோர் அனைவரும் தெருவழியாகவே வரவேண்டியதாயிற்று. கண்டியிலிருந்து வரும் ஏ5 வீதியும் அட்டனிலிருந்து வரும் ஏ7 வீதியும் இங்கேதான் கூடுகின்றன. அட்டனின் நிலையும் வேறன்று. மார்கழி முதல் வைகாசிவரை சிவனொளிபாத யாத்திரிகர் வண்டிகளும் அந்த ஒற்றைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தாகவேண்டும். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டுள்ளது. வண்டிகள் பெருகும், தெரு ஓர் அடியும் அகலாது.

கட்டணம் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்பார் உளர். உலகின் முதல் தரிப்புக் கட்டணப் பொறி 1935இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் நாட்டப்பட்டது. அங்கே தொழில்புரிவோர் நாள்முழுதும் தம் வண்டிகளைக் கடைத்தெருவில் விட்டுவிட, வாடிக்கையாளருக்கு இடமின்றிப் போயிற்று என்பதே காரணம். நம் கதைதான்! டொனால்ட் ஷூப் என்னும் பேராசிரியர் 2005இல் வெளியிட்ட பெருநூலில், இலவசத் தரிப்பிடம் எதுவும் உண்மையில் இலவசமன்று, அதன் விலையை வண்டியே இல்லாதவனும் சேர்ந்து இறுக்கிறான் என்று நிறுவினார். அவர் கொள்கையைத் தழுவி சான் பிரான்சிஸ்கோ நகரம் 2011இல் ஒரு முறையைத் தொடங்கிற்று. நெருக்கடி மிக்க தெருவிற் கட்டணம் ஏறும், வெறிச்சோடிய தெருவில் இறங்கும். எந்நேரமும் ஓரிரு இடம் வெறுமையாயிருக்கவேண்டும் என்பது குறிக்கோள்.

இம்முறையை அப்படியே இங்குக் கொணர்வதை நான் ஒப்பேன். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வரும் செல்வர் எவ்வளவு கேட்பினும் கொடுப்பர். மூதாட்டியை ஏற்றிவந்த சாரதியால் இயலாது. ஆதலின் இங்கு முதலில் அளக்கவேண்டியது நேரத்தை. முதல் அரைமணி எவருக்கும் இலவசமாக இருக்கட்டும். அதன்மேல் ஒவ்வொரு மணிக்கும் கட்டணம் செங்குத்தாக ஏறட்டும். மருந்துக்கடைகளின் முன் ஏற்றியிறக்குவதற்கு மட்டும் சில அடி இடம் ஒதுக்கப்படல் வேண்டும். சரக்கு லொறிகள் விடியற்காலையில் வந்து போகட்டும். மேல்மாடியில் வாழ்வோர்க்கு இரவுநேர அனுமதி வழங்கலாம். இரவில் வாடிக்கையாளர் இல்லையன்றோ? விடுதிக்காரர்பால் மட்டும் எனக்கு இரக்கமில்லை. கட்டட வரைபடத்திற் காட்டிய தரிப்பிடத்தைப் பின்னர் அறையாக மாற்றிவிட்டு, விருந்தினரின் வான்களைத் தெருவுக்கு அனுப்புதல் எவ்வகையிலும் முறையன்று. ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வண்டி நிறுத்த இடம் காட்டாதவர் காரைப் பதிவுசெய்யவே இயலாது. பழைய வீடுகள் மலிந்த நம்மூரில் அது கடுமையாகும். புதிதாக எழும் விடுதிகளுக்காவது அத்தகைய கண்டிப்பு வேண்டும்.

முச்சக்கர வண்டிக்காரரைக் குற்றஞ்சாட்டுவது எளிது, அதனாலேயே பலரும் அதனைச் செய்கின்றனர். அவர்களிற் பலர் தோட்டத்து இளைஞர்கள். லயத்தை விட்டு வெளியேறிக் கடனுக்கு வண்டி வாங்கியவர்கள். பஸ் ஏறாத தோட்டப் பாதைகளில் நோயாளியைச் சுமப்பது அவ்வண்டியே. சந்தையருகிலும் வைத்தியசாலையருகிலும் எண்ணிக்கை வரையறுத்த தரிப்பிடம் அவர்களுக்குக் கொடுத்தபின்னரே, பிற இடங்களில் நிற்காதீர் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டாகும்.

இவற்றைச் செய்ய வேண்டியவர் யார்? பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின்பாலும், உள்வீதிகள் மாநகர சபையின்பாலும், போக்குவரத்து பொலிசாரின்பாலும் உள்ளன. 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல்வரை உள்ளூராட்சி மன்றங்களில் மக்கள் தெரிந்த உறுப்பினர்களே இல்லை. இப்போது இருக்கின்றனர். எனினும் அவர்களை அமர்த்திய வாக்குகள் நகரத்தாருடையவை. சம்பளம் வாங்கிய ஞாயிறன்று இக்கடைவீதியின் கல்லாவை நிரப்பும் தோட்டத்து மக்களிற் பெரும்பாலார் மாநகர எல்லைக்கு அப்பால், பிரதேச சபைகளின் வாக்காளர். அப்பிரதேச சபைகளுங்கூட 1987ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோட்டங்களுக்குள் பணிசெய்ய இயலாது தடையுண்டிருந்தன; 2018இலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது. கார் இல்லாத இவர்கள், காருக்கு இடமளித்த தெருவின் நடுவே மூட்டையைத் தலையிற் சுமந்து நடக்கின்றனர். தெருவோரத்தைப் பங்கிடும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

மாநகர சபை கட்டண விதிகளை வகுக்குமாயின், திரளும் பணத்தைப் பொதுக் கணக்கிற் கரைத்துவிடாது, அந்தந்தத் தெருவின் நடைபாதைக்கும் பொது மலசலகூடத்துக்குமே செலவிடுவதாக எழுத்தில் உறுதி கூறுதல் வேண்டும். விதிகளை முடிவுசெய்யுமுன் மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டமும் வேண்டும். அக்கூட்டம் அலுவலக நாளில் முற்பகல் பத்துமணிக்குக் கூடினால் முதலாளிமாரும் விடுதிக்காரருமே வருவர். தோட்டத்தார் நகருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமையில், சந்தைக்கு அண்மையில், தமிழிலும் சிங்களத்திலும் முன்னறிவித்து அதனைக் கூட்டுக.