புல்லைப் பார்க்குமுன் வாயிலைப் பாருங்கள்

லண்டனில் குடியேறிவிட்ட பழைய பல்கலைக்கழகத் தோழர் ஒருவர் அண்மையில் விடுமுறைக்கு வந்து பாசிக்குடாவில் தங்கியிருந்தார். புலம்பெயர்ந்த பின்னர் கோல்ப் பழகியவர். வார இறுதிகளில் உள்ளூராட்சி சபை நடத்தும் மைதானத்தில் சில பவுண் கட்டி ஆடுகிறவர். "இங்கே பக்கத்தில் எந்தப் பொது மைதானம் நல்லது?" என்று கேட்டார். முதலில் சிரித்துவிட்டேன். பிறகு அது சிரித்துவிட்டுக் கடந்துபோகும் கேள்வியல்ல என்று பட்டது.

இலங்கையில் நகரசபையோ பிரதேச சபையோ நடத்தும் கோல்ப் மைதானம் எதுவுமில்லை. இருப்பவை கழகங்களினதும் ஹோட்டல்களினதும் படையினரதும் மைதானங்கள். விருந்தினராகக் கட்டணம் செலுத்தி ஆடக்கூடியவற்றை, ஒரு கற்றுக்குட்டியின் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ரோயல் கொழும்பு கோல்ப் கழகம் 1879இல் தொடங்கியது. முதலில் காலிமுகத் திடலில் ஆடினார்கள். 1896இல் பொரளைப் பக்கம் பெயர்ந்தார்கள். நிலம் தட்டையானது, நடப்பது சுலபம். ஆனால், நீர்நிலைகள் பந்துகளை விழுங்கக் காத்திருக்கும். களனிவெளி ரயில் பாதை மைதானத்தை ஊடறுத்துச் செல்வது வேறெங்கும் எளிதில் காணமுடியாத காட்சி.

நுவரெலியா மைதானம் 1889இல் தோன்றியது. உயரமான இடமாதலால் காற்றின் அடர்த்தி குறைவு. பந்து சற்றுக் கூடுதலாகவே பறக்கும். அதை நம்பி ஓங்கி அடித்தால் இருபுறமும் நெருங்கி நிற்கும் மரங்கள் பாடம் புகட்டும். தூரமாக அடிப்பவரைவிட நேராக அடிப்பவருக்கே அது இடம்கொடுக்கும். ஆட்டத்தின் அடிப்படையைக் கற்க அதைவிட நல்ல ஆசான் இல்லை என்பேன்.

திகனையில், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில், டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த மைதானம் 1999இல் திறக்கப்பட்டது. அழகில் அதுவே முதலிடம். எனினும் ஏற்ற இறக்கங்கள் புதியவரைக் களைக்கச் செய்யும். 2016இல் ஹோட்டலொன்றுடன் வந்த அம்பாந்தோட்டை மைதானத்தில் கடற்காற்றும் இன்னொரு எதிராளி.

இவை நான்கும் நமக்குத் தொலைவு. பாசிக்குடாவிலிருந்து அண்மையில் இருப்பது திருகோணமலை சீனன்குடாவில் விமானப்படை நடத்தும் மைதானமே. முன்பு மிதவைப் பாதைகளில் ஏறி இறங்கிச் செல்லவேண்டிய வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழி இன்று பாலங்களால் இணைந்திருக்கிறது. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். நண்பருக்கு அதைத்தான் சொன்னேன். ஆனால், ஒரு கேள்வியையும் சேர்த்துச் சொன்னேன்: மைதானத்தைப் புல்லை வைத்து மட்டுமா மதிப்பிடுவது? அதன் வாயிலை வைத்தும் மதிப்பிட வேண்டாமா?

போர்க்காலத்தில், இளம் நிருபனாக ஒரு போட்டியைச் செய்தியாக்கச் சென்றிருந்தேன். விளையாட்டுக் கழகமொன்றின் வாயிலில் என் அடையாள அட்டையிலிருந்த மட்டக்களப்பு முகவரியைப் பார்த்துவிட்டு என்னை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். அனுமதி கிடைத்தபோது பரிசளிப்பும் முடிந்திருந்தது. கழகத்தின் பெயர் இங்கே முக்கியமல்ல. அன்றிலிருந்து எந்த மைதானத்துக்குப் போனாலும் முதலில் வாயிலைத்தான் பார்க்கிறேன். யார் கேட்பாரற்று உள்ளே போகிறார், யார் விளக்கம் சொல்லிக்கொண்டு வெளியே நிற்கிறார் என்று.

கோல்ப் பிறவியிலேயே செல்வந்தர் விளையாட்டு என்பார்கள். ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் அதை மறுக்கிறது. உலகப் புகழ்பெற்ற அந்த மைதானம் அமைந்திருப்பது பொது நிலத்தில். 1974இல் பாராளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த நம்பிக்கைப் பொறுப்பு அதை நிர்வகிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டமில்லை. ஊர்மக்கள் நாய்களோடும் குழந்தைகளோடும் அதன் மேலே நடந்துபோகிறார்கள். டில்லியில்கூட, அபிவிருத்தி அதிகார சபை குதுப் மினார் அருகே 2000ஆம் ஆண்டு பொது மைதானமொன்றைத் திறந்தது.

திறமைக்கும் பஞ்சமில்லை. நம் மலையகத்திலிருந்து எழுந்த என். தங்கராஜா இந்தியத் தொழில்முறைச் சுற்றுப்போட்டிகளில் வென்றிருக்கிறார். பஞ்சமெல்லாம் வாய்ப்புக்குத்தான்.

அப்படியானால் பாசிக்குடாவிலும் ஒரு கோல்ப் மைதானம் வேண்டும் என்கிறாயா என்று கேட்பீர்கள். பதினெட்டுக் குழிகள் கொண்டதென்றால், வேண்டாம் என்பதே என் பதில். அதற்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். 2011 முதல் இக்கரையில் ஹோட்டல்கள் ஒவ்வொன்றாக எழுந்தபோது, மீனவர் தோணி ஏற்றி வைத்த கரை சுருங்கியதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். இன்னொரு வேலி அவர்களுக்கு எதற்கு? தண்ணீரும் அப்படியே. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் மாதக்கணக்கில் வானம் பார்த்திருக்கும் பூமி இது. வயலுக்கும் கிணற்றுக்கும் போகவேண்டிய நீரைப் புல்லுக்கு ஊற்றுவது பாவம்.

மாறாக, சில ஏக்கர் அரச தரிசு நிலத்தில் ஆறு அல்லது ஒன்பது சிறு குழிகள் கொண்ட பயிற்சி மைதானம் ஒன்றை எதிர்க்கமாட்டேன். மூன்று நிபந்தனைகள் உண்டு. பிரதேச சபையே அதை நடத்தவேண்டும். ஹோட்டல்களின் சுத்திகரித்த கழிவுநீரில் மட்டுமே புல் வளரவேண்டும். வாழைச்சேனை, கல்குடாப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி வாயில் திறக்கவேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அது நமக்கு வேண்டாம்.

நண்பர் சீனன்குடாவுக்குப் போகவில்லை. விடுமுறையின் கடைசி நாளில் பாசிக்குடாக் கடலுக்குள் இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்துபோய்விட்டுத் திரும்பினார். "இதற்கு வாயில் இல்லை" என்றார். இதுவரை இல்லை, என்றேன் நான்.