போத்தலின் விலையும் பிளாவின் விலையும்

வரவு செலவுத் திட்டக் காலத்தில் மதுவின் விலை ஏறுவது, மாரியில் மழை பெய்வது போல் நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. 2023ஆம் ஆண்டு சனவரியில் மதுவரி நூற்றுக்கு 20 வீதம் உயர்ந்தது. 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. ஒவ்வொரு முறையும் குடிப்போர் முணுமுணுப்பர், குடியாதார் மகிழ்வர், சில நாளில் இரு சாராரும் மறந்துவிடுவர். இவ்வாரவாரத்தினிடையே விலையுயர்ந்த மது அவ்விலைக்குத் தக்கதுதானா என்று வினவுவார் அரியர்.

என் மேல்வகுப்பு மாணவன் ஒருவன் வினவினான். திருக்குறளிலே கள்ளுண்ணாமை நடந்துகொண்டிருந்தது. "ஐயா, வள்ளுவர் கள்ளைத்தானே கடிந்தார்? ஆயிரக்கணக்கிலே விலை போகும் பிரான்சு நாட்டு வைனையும் கடிந்தாரோ?" என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்கோ அவ்வினா நகைப்புக்குரியதாகத் தோன்றவில்லை. மதுவைச் சுவைத்தறியாதவன் நான். ஆதலின் நாவின் சான்று என்னிடமில்லை. நூற்சான்றும் பிறர் ஆராய்ந்து கண்டவையும் உண்டு. அவற்றைக் கொண்டே எழுதுகின்றேன்.

முதலில் நம் பழந்தமிழரை நோக்குவோம். கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி எனப் பல பெயர்களை அவர்கள் ஆண்டனர். தேறல் என்பது தெளிந்தது. தெளிவித்த மதுவையே அச்சொல் குறிக்கும். தோப்பியோ நெல்லிலிருந்து இல்லத்திலே ஆக்கியது. தானியத்தை நொதிக்க வைத்து ஆக்கியதாதலின், இன்றைய பியருக்கு ஒருவகையில் மூத்த உறவு எனலாம். இவையனைத்தும் உள்ளூர்ப் பொருள்கள். இவற்றுக்கிடையே கடல் கடந்து வந்த மதுவொன்றும் உண்டு. பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரனார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்திலேந்திப் பருகும் அரசனைக் காட்டுகின்றது. பாடியவர் மதுரைக் கணக்காயனாரின் மகனார், அதாவது ஓர் ஆசிரியரின் மைந்தர். தொழிற்பற்றினால் இதனைச் சொல்லிவைக்கின்றேன்.

அவ்வியவன மது கற்பனையன்று. 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை மோட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருபிடிச் சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடல் வழிநூல், முசிறிப் பக்கத்துத் துறைகளுக்கு வைன் வந்ததெனவும், அது மிகுதியன்றெனவும் கூறும். வடக்கே பரிகச்சத்திலே இத்தாலிய வைனுக்கே முதன்மை என்றும் அந்நூல் குறிக்கின்றது. பொருள் அருகியிருந்தது, தூரத்திலிருந்து வந்தது, இன்ன ஊரது என்ற பெயரும் உடன் வந்தது. பொற்கலத்தில் ஊற்றப்பட்டது இவை மூன்றும் கூடிய பொருளே. அரசனுடைய நாவுக்கு யவனத் தேறல் நம் நறவினும் இனித்ததோ என்பதைப் புலவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

அன்று புலவர் சொல்லாது விட்டதை நம் காலத்தார் ஆராய்ந்து பார்த்துள்ளனர். 1976 மே 24ஆம் நாள் பாரிசு நகரத்தில், பெயரை மறைத்துச் சுவைக்கும் போட்டியொன்று நடந்தது. பிரான்சு நாட்டின் தேர்ந்த சுவைஞர் ஒன்பதின்மர் புள்ளியிட்டனர். தம் நாட்டுப் புகழ்பெற்ற தோட்டங்களின் வைனே வெல்லுமென அவர்கள் எதிர்பார்த்திருந்தனர். வெள்ளை வைனிலும் சிவப்பு வைனிலும் முதலிடம் பெற்றவை, அக்காலத்தில் அவர்கள் பொருட்படுத்தாத கலிபோர்ணியாவின் வைன்கள். 2008இல் வெளியான ஆய்வொன்று, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மறைமுகச் சுவைப்புகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சியில்லாத பொதுமக்கள், விலை தெரியாதபோது, விலையுயர்ந்த வைனைச் சற்றுக் குறைவாகவே விரும்பினர். பயிற்சியுடையார்க்கு மட்டும் விலையேற ஓரளவு விருப்பமும் ஏறிற்று.

அதே ஆண்டில் கலிபோர்ணியத் தொழில்நுட்ப நிறுவகத்தார் வெளியிட்ட சோதனை இதனினும் வியப்புக்குரியது. ஒரே வைனை ஒருமுறை 10 டொலர் எனவும் மறுமுறை 90 டொலர் எனவும் சொல்லிக் கொடுத்தனர். 90 டொலர் என்றபோது அது மிக நன்று என்றனர் பருகினோர். அவர்கள் முகத்தாட்சணியத்துக்காகப் பொய் சொல்லவில்லை. மூளையில் இன்பவுணர்வோடு தொடர்புடைய பகுதியும் அப்போது மிகுதியாகத் தொழிற்பட்டதைக் கருவி காட்டிற்று. விலையைக் கேட்ட செவி நாவுக்குச் சுவையூட்டியது என்க.

விலை முழுவதும் வெறும் மாயமோ எனின், அன்று. நல்ல கொடிமுந்திரியைக் குறைந்த விளைச்சலோடு வளர்த்தலும், ஓக்கு மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்காக வைத்தலும் செலவுடையன. மிக மலிந்ததற்கும் நடுத்தர விலையுடையதற்கும் வேறுபாடு உண்டென்பதை அறிந்தோர் பலரும் ஒப்புவர். அதற்கு மேலே ஏறுவது பெரும்பாலும் அருமையின் விலை, பெயரின் விலை. பியரிலே இவ்வேறுபாடு இன்னும் சிறிது. முளைத்த வாற்கோதுமையும் ஒப்புப் பூவும் மதுவமும் சில கிழமைகளும் போதும். நம் நாட்டிலோ விலையின் பெரும்பங்கு வரி. வரி, மதுசாரத்தை அளக்குமேயன்றிச் சுவையை அளக்காது. அது ஏற ஏற ஏழைக் குடிகாரன் கசிப்பை நாடுகின்றான் என்பது ஊரறிந்த செய்தி.

யாழ்ப்பாணத்துக் கொண்டாட்ட வீடுகளில் இதனை நேரிற் காணலாம். கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ வந்த உறவினர் கொணர்ந்த விஸ்கிப் போத்தல், பெயர் முன்னே தெரிய மேசையில் நிற்கும். தீர்ந்த பின்னும் அது குப்பைக்குப் போவதில்லை. கண்ணாடி அலுமாரியில், பிள்ளைகள் வென்ற கிண்ணங்களுக்குப் பக்கத்திலே இடம்பெறும். அவ்வெறும் போத்தலில் உள்ளூர்ச் சாராயத்தை ஊற்றி வைத்து விருந்தினரின் புகழுரையைக் கேட்டு உள்ளுக்குள் நகைத்த குறும்பர் கதைகளும் ஊர்தோறும் உண்டு. இக்குறும்பைப் பெருவாணிகமாக்கியவர் உரூடி குர்னியவான். மலிந்த வைன்களைக் கலந்து பழம்பெரும் பெயர்களை ஒட்டி அமெரிக்கச் செல்வரிடம் விற்ற அவருக்கு, 2014இல் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஏமாந்தோருட் பலர் வைனையே வாழ்நாட் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள்.

இனி, நம் முற்றத்துப் பனைக்கு வருவோம். கள்ளைப் போலப் பெயர் ஒட்டி விற்கமுடியாத மது வேறில்லை. பாளையிலிருந்து முட்டியில் வீழும்போதே நொதிக்கத் தொடங்கும். மறுநாள் புளித்துக் காடியின் வழி நோக்கும். ஆண்டு பல காத்திருந்து விலையேற அதனால் இயலாது. அதனைப் பெறும் உழைப்போ எந்தத் திராட்சைத் தோட்டத்து உழைப்புக்கும் குறைந்ததன்று. தளநாரைக் காலிற் பூட்டி, அறுபது எழுபதடி உயரம் காலையும் மாலையும் ஏறி, ஒவ்வொரு முறையும் பாளையின் நுனியை மென்மையாகச் சீவவேண்டும். சீவல் பிழைத்தால் பாளை கெடும். கால் பிழைத்தால் உயிர் போகும். முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசின் அதே சாறு கருப்பநீராகும், காய்ச்சினால் பனங்கட்டியாகும். பூசாது விடின் கள். கைத்திறனும் ஆபத்தும் இரண்டுக்கும் ஒன்றே.

இத்தகைய பொருள் ஏன் கடைநிலை விலைக்குப் போகின்றது? சுவைக்குறையினால் என்று சொல்ல எவருக்கும் துணிவில்லை. அந்நிய மதுவைப் பருகுவோரும் விடியற்காலைக் கள்ளைப் புகழக் கேட்டிருக்கின்றேன். ஏறுபவர் யார், பிளாவைக் கையில் ஏந்துபவர் யார் என்பதைப் பார்த்தே அவ்விலையைச் சமுதாயம் விதித்தது. அவர் இறக்கிய கள்ளை விரும்பிக் குடித்தவர்கள் அவரை முற்றத்துக்கு அப்பால் நிறுத்தினர். 1968இல் மாவிட்டபுரத்து ஆலய வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உரிமை கேட்டு நின்றபோது, அவர்கள் முன் கதவு திறக்கவில்லை. மதுவின் விலை பருகுவோன் மதிப்பைப் பின்தொடர்கின்றது என்றேன். ஆக்குவோன் மதிப்பையும் பின்தொடர்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டிலே நிலைமை இன்னும் விந்தையானது. 1987 சனவரி முதல் கள் அங்கே தடைசெய்யப்பட்டது. 2003ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சில்லறை மதுக்கடைகளை அரசின் நிறுவனமே நடத்துகின்றது. அங்கு விற்பனையாவது இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அந்நிய மது என்னும் பெயருடையது. பெரும்பாலும் கரும்புப் பாகின் கழிவிலிருந்து வடித்தது, அந்நியம் பெயரளவிலேதான். உள்ளூர்ப் பெயருடையது குற்றம், அந்நியப் பெயருடையது அரசின் வருவாய்!

நம் பக்கம் கள் தடைசெய்யப்படவில்லை. 1972 முதல் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் தோன்றின. திக்கம் வடிசாலையில் பனஞ்சாராயம் வடிக்கப்பட்டது. தொழிலாளி முட்டியோடு தெருவில் நின்று பேரம் பேசும் நிலை மாறத் தொடங்கிற்று. பின்னர் வந்த போர், பதுங்குகுழிகளுக்காகவும் காப்பரண்களுக்காகவும் பனைகளை இலட்சக்கணக்கில் வீழ்த்தியது. எஞ்சிய மரங்களில் ஏறுவார் தொகை இன்று குறைந்துவருகின்றது. சீவல் தொழிலாளியின் மகன் என் வகுப்பில் இருக்கின்றான். அவன் மரமேறவேண்டுமென நான் விரும்பேன், அவன் தந்தையும் விரும்பார்.

கள்ளுண்ணாமை கற்பிக்கும் பண்டிதர் கள்ளுக்கு விலை கேட்கின்றாரே எனச் சிலர் நகைக்கலாம். என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இது: வள்ளுவர் கடிந்தது மயக்கத்தை; பத்து ரூபாய் மயக்கமும் பதினாயிரம் ரூபாய் மயக்கமும் அவருக்கு ஒன்றே. குடிப்பவனைத் திருத்துதல் ஆசிரியர் கடமை. குடிக்குமட்டும், அவன் கொடுக்கும் பணம் யாரைச் சேர்கின்றது என்று கேட்பதும் அதே ஆசிரியருக்கு உரியதே. சங்கங்கள் தத்தம் தவறணை வாயிலில் ஒரு பலகை வைக்கட்டும். ஒரு போத்தற் கள்ளின் விலையில் மரமேறியவருக்கு எவ்வளவு, சங்கத்துக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு என மூன்று வரிகள் அதில் எழுதப்படட்டும். கருப்பநீருக்கும் பனங்கட்டிக்கும் அவ்வாறே எழுதலாம். அவற்றை வாங்க நானும் வருவேன்.